சூடு பத்தாத சிவப்பு

மாரமங்கலத்து ஐயாக்கண்ணு மகள் ராணியைப் பார்த்தால் கோபக்காரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடக்கமாகப் பேசுவாள். பஸ்ஸில் வயசானவர்களுக்கு எழுந்து இடம் விடுவாள். சளி டப்பாவைக் கூச்சத்தோடு நீட்டுகிறவர்களிடம் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வாள். ஆனால் நெஞ்சுக்குள்ளே ஒரு ஆளின் மேல் கறுவிக்கொண்டே இருந்தாள். அந்த ஆளும் எங்கேயோ இல்லை. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி லேபில், அவள் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மூத்த டெக்னீஷியன் ஞானசுந்தரம்தான்.

ஆஸ்பத்திரியின் பெயர் நமக்கு வேண்டாம். சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும ஆரம்பித்த மலைக்காரர்கள் முதலில் அங்கேதான் வருவார்கள். ராணியின் அண்ணன் ஜீவானந்தமும் அப்படித்தான் போனான்.

மஞ்சக்குட்டை ரோட்டில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். தங்கச்சியை பிளஸ் டூ வரைக்கும் படிக்க வைத்தது அந்த ஜீப்தான். ஒரு மார்கழியில் இருமல் பிடித்தது. விடவில்லை. சளியை டப்பாவில் பிடித்துக் கொடுத்தான். மறுநாள் முடிவு கேட்கப் போனது அவன் மனைவி அத்தாயி. ஞானசுந்தரம் தலையை நிமிர்த்திப் பார்த்துச் சொன்னார்.

"கிருமி ஒண்ணுமில்லம்மா. அவரைப் பீடியைக் குறைக்கச் சொல்லு."

ஜீவானந்தம் பிறந்ததிலிருந்து பீடியைத் தொட்டவன் கிடையாது. அத்தாயி அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். தை மாசமும் போய்ச் சளி கொடுத்தார்கள். அப்போதும் ஒன்றுமில்லை. இருமல் மருந்தைக் குடித்துக்கொண்டு ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தவன், பங்குனி வந்தபோது ஒரு மிளகு மூட்டையைத் தூக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே லேபில் பார்த்தவர், பக்கத்தில் பள்ளிக்கூட யூனிபார்மோடு நின்ற ராணியிடம் எரிச்சலாகக் கேட்டார்.

"கிருமி இவ்வளவு செகப்பாக் கெடக்குது. மலை மேல இருக்கறவங்க கண்ணைத் தொறந்து பாத்தாங்களா இல்லையா?"

மருந்து பிடிப்பதற்குள் அண்ணன் போய்விட்டான். அன்றைக்கே ராணி முடிவு செய்துவிட்டாள். அந்த ஆள் பார்க்கவே இல்லை. மலைக்காரன் சளிதானே என்று மூடியைக்கூடத் திறக்காமல் எழுதியிருக்கிறான். அவனைச் சும்மா விடக்கூடாது. சண்டை போட்டு, நாலு வார்த்தை திட்டிவிட்டு வருகிற சமாச்சாரம் இல்லை இது. அவன் பார்க்காமல் எழுதுகிறவன் என்று ஊருக்கும் உலகத்துக்கும் தெரிய வேண்டும். அவன் தலையைக் குனிந்துகொண்டு மலையை விட்டு இறங்க வேண்டும். அதை அவள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

அதற்காகவே லேப் டெக்னீஷியன் படிப்புப் படித்தாள். ஐயாக்கண்ணு, "பொட்டப்புள்ளைக்கு எதுக்குச் சாமி சளியும் ரத்தமும்?" என்று கேட்டுப் பார்த்தார். காதில் வாங்கவில்லை. படிப்பு முடிந்து ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுத்தபோது, சேலத்திலேயே இடம் இருந்தும் இந்த மலை ஆஸ்பத்திரியைக் கேட்டு வாங்கினாள். கூடப் படித்தவர்கள் இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். ஞானசுந்தரமோ வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வா கண்ணு. இந்தப் பனியில வேலைக்கு வரதுக்கு ஆளே கெடைக்கறதில்லை. நீ மலைப்புள்ள, தாக்குப்பிடிப்பே."

அவள் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு, "சரிங்க சார்" என்றாள்.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ரத்தமும் சர்க்கரையும் ராணிக்கு. காலையில் வருகிற சளியெல்லாம் சாருக்கு. மத்தியானத்துக்கு மேல் வருகிற சளி ராணிக்கு. ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே ராணி அவரையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது டப்பாவைத் திறக்காமல் எழுதுகிறார், எப்போது சளி தடவிய கண்ணாடி ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைக்காமலே பெட்டியில் போடுகிறார் என்று காத்திருந்தாள்.

காத்திருந்ததுதான் மிச்சம். அந்த மனுஷன் நிஜமாகவே பார்த்தார். லென்ஸைத் துடைத்துவிட்டுக் குனிந்தால் முதுகு வலிக்கிற வரைக்கும் நிமிர மாட்டார். டீ வந்து ஆறிப்போய்க் கிடக்கும். ஒரு ஸ்லைடில் சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை பார்ப்பார். ராணிக்கு வயிறு எரிந்தது. சோம்பேறியாக இருந்து தொலைத்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! இவ்வளவு ஒழுங்காகப் பார்க்கிறவர் அண்ணனுடையதை மட்டும் எப்படி விட்டார்? அப்போது அலட்சியமாக இருந்தவர் வயசான பிறகு திருந்திவிட்டார் போலிருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். திருந்தியவனை மன்னிக்கலாம் என்கிற எண்ணம் அவளுக்கு வரவில்லை. வந்தாலும் விரட்டியிருப்பாள்.

வீட்டில் அத்தாயி அவ்வப்போது கேட்பாள். "அந்தாளு இன்னும் அங்கதான் இருக்கறானா?"

"இருக்கறாரு அண்ணி."

"நல்லா இருக்கறானா?"

"இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கறாரு."

அத்தாயி அடுப்புக்குத் திரும்பிவிடுவாள்.

அடுத்து ஒரு மார்கழி வந்தது. பனி, ஜன்னலைத் திறந்தால் லேபுக்குள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிற பனி. ஒரு காலை, இருமிக்கொண்டே ஒரு பெரியவர் சளி கொடுத்துவிட்டுப் போனார். அந்த இருமல் அண்ணனுடைய இருமல் மாதிரியே இருந்தது. ஞானசுந்தரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, கிருமி இல்லை என்று எழுதினார். ராணிக்கு மனசு ஒப்பவில்லை. அவர் சாப்பிடப் போன நேரத்தில் அந்த ஸ்லைடை எடுத்து, லென்ஸுக்காக மேலே விட்டிருந்த எண்ணெயைத் துடைத்து, வெந்நீர் வைக்கிற சின்ன அறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் சாயம் ஏற்றினாள்.

இந்தச் சாயம் ஏற்றுகிற வேலையை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை புரியாது. டிபி கிருமி ஒரு அழுத்தக்காரக் கிருமி. அதன் மேல்தோல் மெழுகு பூசினாற்போல இருக்கும். சிவப்புச் சாயத்தை ஸ்லைடு மேல் ஊற்றினால் உள்ளே விடாது. அடியில் ஸ்பிரிட் விளக்கைக் காட்டிச் சூடாக்கினால் மெழுகு இளகி, சாயம் உள்ளே போகும். போய்விட்டால் பிறகு ஆசிட் ஊற்றிக் கழுவினாலும் வெளியே வராது. மற்றதெல்லாம் ஆசிட்டில் சிவப்பை விட்டுவிடும். அதற்கு மேல் நீலச் சாயத்தை ஊற்றினால் எல்லாம் நீலம், கிருமி மட்டும் சிவப்புக் குச்சி குச்சியாகத் தெரியும். சூடு குறைந்து போனால்? சாயம் தோலோடு நின்றுவிடும். ஆசிட் அதை வழித்துக்கொண்டு போய்விடும். கிருமி அங்கேதான் இருக்கும், ஆனால் எப்பேர்ப்பட்ட கண்ணுக்கும் தட்டுப்படாது.

ராணி படித்த இடத்தில் ஒரே ஆளின் சளியை வெவ்வேறு விதமாகச் சாயம் ஏற்றி வரிசையாக வைத்துக் காட்டியிருந்தார்கள். ஒழுங்காகச் சூடாக்கியதில் பளிச்சென்று சிவப்பு. சூடு குறைந்ததில் வெளிறிப்போய், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற மாதிரி மணி மணியாக ஏதோ. ஆசிட்டை நிறைய நேரம் விட்டதில் சுத்தமாக ஒன்றுமில்லை. இன்னொரு மைக்ராஸ்கோப்பில், சிவப்புக்குப் பதில் மின்னுகிற சாயம் ஏற்றியதில், இருட்டுக்குள்ளே அதே கிருமிகள் மஞ்சள் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. ஒரே சளி, ஒரே நோயாளி. ஏற்றுகிற கையைப் பொறுத்துத் தெரிவது மாறுகிறது என்று அன்றைக்கே அவளுக்குப் பதிந்திருந்தது.

இப்போது பெரியவரின் ஸ்லைடை வைத்துப் பார்த்தாள். நீலத்தின் மேல் சிவப்புக் குச்சிகள்.

மறுநாள் காலை அவர் சாயம் ஏற்றும்போது பக்கத்தில் போய் நின்றாள். ஞானசுந்தரத்துக்குச் சாயத்தின் நெடி ஆகாது. அதனால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார். பனி ஸ்லைடு மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. விளக்கை அடியில் காட்டினார். காட்டிய கொஞ்ச நேரத்தில் ஆவி எழுந்தது. விளக்கை எடுத்துவிட்டார். ஆவி வருகிற வரைக்கும் சூடாக்கு, கொதிக்க விடாதே என்றுதான் எல்லாரும் படித்திருக்கிறார்கள். சேலத்து வெயிலில் ஆவி கண்ணுக்குத் தெரிகிறதென்றால் கண்ணாடியில் விரலை வைக்க முடியாது. இங்கே மார்கழியில் வாயைத் திறந்தாலே ஆவி வருகிறது! அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ராணி ஸ்லைடின் அடியை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஆறிப்போன டீ கிளாஸ் மாதிரி இருந்தது.

விஷயம் அவ்வளவுதான். கோடையில் அவர் பார்க்கிற ஸ்லைடெல்லாம் சரியாக இருக்கும். மார்கழியிலும் தையிலும் மட்டும் கிருமி சாயம் ஏறாமல் ஒளிந்துகொள்ளும். மேலதிகாரிகள் மாசாமாசம் வந்து, பெட்டியிலிருந்து ஸ்லைடை எடுத்துச் சரிபார்ப்பார்கள். அவர்கள் கண்ணுக்கும் வெறும் நீலம்தானே தெரியும்? சரி, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் அண்ணனுடைய சளியையும் அவர் பார்த்திருக்கிறார். முதுகு வலிக்க வலிக்கப் பார்த்திருக்கிறார். தெரியவில்லை, அவ்வளவுதான்.

வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்கே உடைந்து அழுதிருப்பாள். "சார், ஆவியை நம்பாதீங்க, கண்ணாடியைத் தொட்டுப் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். ராணிக்கும் அது தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? அவர் நாக்கைக் கடித்துக்கொள்வார். ஜன்னலைச் சாத்துவார். சேலத்திலிருந்து ஸ்லைடு சரிபார்க்க வருகிற மேடம், இனிமேல் நன்றாகச் சூடு பண்ணுங்க சார் என்று சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார். அண்ணன் உயிருக்கு இவ்வளவுதானா? ஒரு ஜன்னலைச் சாத்துவதுதானா? பீடியைக் குறைக்கச் சொல் என்றாரே, அந்த வார்த்தைக்கு யார் பதில் சொல்வது? அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுடைய வேலை ஆரம்பமானது. கிருமி இல்லை என்று அவர் எழுதிய ஸ்லைடுகளை, அவர் வீட்டுக்குப் போன பிறகு எடுத்து, சூடாகச் சாயம் ஏற்றுவாள். சிவப்பு வந்தால் அந்த நோயாளிக்குப் போன் போட்டு, "நாளைக்குக் காலைச் சளியைப் பிடிச்சு மத்தியானத்துக்கு மேல கொண்டாங்க, இன்னொரு தடவை பாத்துரலாம்" என்பாள். மத்தியானச் சளி அவள் கைக்கு வரும். ஒழுங்காக முடிவு எழுதி, மருந்து கிடைக்க வைத்துவிடுவாள். அவளுக்குச் சண்டை சாரோடுதான், இருமுகிறவர்களோடு இல்லை. பழைய ஸ்லைடை மட்டும் அதே பெட்டியில், அதே இடத்தில் திருப்பி வைத்துவிடுவாள். ஸ்லைடு மேல் நம்பர் அவர் கையெழுத்து. உள்ளே கொள்ளை கொள்ளையாகச் சிவப்பு. சேலத்து மேடம் வந்து அதைப் பார்த்தால், இந்த ஆள் மைக்ராஸ்கோப்பைத் தொடவே இல்லை என்றுதானே நினைப்பார்? அதுதான் அவளுக்கு வேண்டும்.

எல்லாரும் கூப்பிட்டால் வந்தார்கள். செம்மநத்தம் மாரிசாமி ஒருத்தன்தான் வரவில்லை. காப்பி பறிக்கிறவன், இளவட்டம். அவன் ஸ்லைடு போலச் சிவந்தது வேறு எதுவும் இல்லை. அதைப் பார்த்தபோது ராணிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இது ஒன்று போதும் அந்த ஆள் மண்ணைக் கவ்வுவதற்கு என்று நினைத்தாள். மாரிசாமிக்குப் போன் போட்டாள், போகவில்லை. செம்மநத்தம் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினாள். நோய் இல்லை என்று சொன்னதை நம்பி, அவன் குடகுக்குக் காப்பி பறிக்கப் போய்விட்டதாகப் பதில் வந்தது.

ஆஸ்பத்திரியில் சொன்னால் ஆள் விட்டுத் தேடிப் பிடிப்பார்கள், அதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். ஆனால் எதைக் காட்டிச் சொல்வது? ஸ்லைடைக் காட்ட வேண்டும். காட்டினால் அவள் மறுபடி சாயம் ஏற்றிய குட்டு இப்போதே உடைந்துவிடும். வர வாரம் மேடம் வருவார், பெட்டியைத் திறப்பார், அப்புறம் அவர்களே தேடட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த வாரம் மலைப்பாதையில் மண் சரிந்து ரோட்டை அடைத்தார்கள். அதற்கடுத்த வாரம் மேடத்தின் மகளுக்குக் கல்யாணம். இப்படியே தள்ளிப்போய் மாசி பிறந்துவிட்டது.

மாசியில் ஒரு நாள் புஷ்பலதா மேடம் வந்தார். சேலத்திலிருந்து வந்து மலை லேப்களைச் சரிபார்க்கிறவர். சிடுமூஞ்சி இல்லை, ஆனால் கண் கூர்மை. பெட்டியைத் திறந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக ஸ்லைடுகளை எடுத்து வைத்தார். முதல் ஸ்லைடில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. இரண்டாவதை வைத்தார். ராணி ரத்தம் பிடிக்கிற கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவதுபோலக் கழுவிக்கொண்டே நின்றாள்.

"சார், இங்க வாங்க" என்றார் புஷ்பலதா. "இது என்னன்னு எழுதியிருக்கீங்க?"

"நெகட்டிவுங்க மேடம்."

"நீங்களே பாருங்க."

ஞானசுந்தரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தார். நிமிர்ந்து ஸ்லைடை எடுத்து நம்பரைப் பார்த்தார். மறுபடி வைத்துக் குனிந்தார்.

"இது நான் பாத்த ஸ்லைடுதானுங்க. என் கையெழுத்துத்தான். பாத்தேனுங்க மேடம். அப்போ இப்படித் தெரியலைங்க."

"பாத்திருந்தா தெரியாம இருக்குமா சார்? இது கண்ணுக்குத் தப்பற மாதிரியா இருக்குது? சாயம்கூட மங்கலை."

சாயம் மங்கவில்லை என்றதும், இது பிறகு ஏற்றிய சாயம் என்று கண்டுபிடித்துவிட்டாரோ என்று ராணி குழாய் கழுவுவதை நிறுத்தினாள். மேடம் அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த ஸ்லைடை வைத்தார். அதிலும் சிவப்பு. ஞானசுந்தரம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கே அவரை லேபிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் சேலத்தில் இருக்கச் சொன்னார்கள். மார்கழியில் கிருமி இல்லை என்று சொல்லி அனுப்பியவர்களையெல்லாம் தேட ஆரம்பித்தார்கள்.

அவர் டிபன் பாக்ஸையும் ஸ்வெட்டரையும் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றதை ராணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இத்தனை வருஷம் எதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாளோ, அது கண் முன்னால் நடந்தது. நன்றாக இருந்தது. இல்லை என்று பொய் சொல்லக்கூடாது, நெஞ்சு குளிர்ந்து போனது. வரும் வழியில் ஏற்காடு ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கி ஜிலேபி வாங்கிக்கொண்டு போய் அண்ணி கையில் கொடுத்தாள்.

"எறங்கிப் போயிட்டாரு அண்ணி. தலையைத் தொங்கப் போட்டுட்டுப் போயிட்டாரு."

அத்தாயி ஜிலேபியை வாங்கி, ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சில நாள் கழித்து ஞானசுந்தரம் தன் மிச்சச் சாமான்களை எடுக்க வந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். ராணி எதிரில் உட்கார்ந்தார்.

"கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன் ராணி. பெரிய டாக்டருகிட்டப் போயி எல்லாம் டெஸ்ட் பண்ணிட்டேன். கண்ணு நல்லாத்தான் இருக்குதாம்." மைக்ராஸ்கோப்பைத் தடவினார். "அப்போ நான் பாக்காமயேதான் எழுதியிருக்கேன் போல. பாத்ததா நெனச்சுட்டே இருந்திருக்கேன். எனக்குப் புத்திதான் கலங்கிப்போச்சுன்னு ஊட்டுல பயப்படறாங்க."

இதைவிட என்ன வேண்டும்? குற்றம் சாட்டப்பட்டவன் தானே வந்து ஒப்புக்கொள்கிறான், அதுவும் செய்யாத குற்றத்தை. ராணி அந்த நேரத்துக்காகவே வைத்திருந்ததை எடுத்து வீசினாள்.

"மாரமங்கலம் ஜீவானந்தம்னு ஞாபகம் இருக்குதுங்களா சார்? ஜீப் ஓட்டினவரு. பீடியைக் குறைக்கச் சொல்லுன்னு அவரு சம்சாரத்துகிட்டச் சொன்னீங்க. நானு அவரு தங்கச்சி."

அவர் வெகுநேரம் அவளையே பார்த்தார். பிறகு எழுந்து கையைக் கூப்பினார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பனியைப் பற்றியோ, ஆவியைப் பற்றியோ, ஆறிப்போன கண்ணாடியைப் பற்றியோ ராணி மூச்சுவிடவில்லை. போகட்டும், சாகிற வரைக்கும் அப்படியே நினைத்துக்கொண்டு கிடக்கட்டும் என்று இருந்தாள்.

மாரிசாமியைக் குடகில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் கண்டுபிடித்தார்கள். ரத்தமாகக் கக்கிக்கொண்டு கிடந்தானாம். வண்டி வைத்துச் சேலத்துக்குக் கொண்டுவந்தார்கள். ராணி தினமும் போன் போட்டு விசாரித்தாள். மருந்து கொடுக்கிறார்கள் என்றார்கள். நுரையீரல் ரெண்டும் போய்விட்டது என்றார்கள். பங்குனியில் ஒரு நாள் போனை எடுத்தவர், அந்தக் கட்டிலில் இப்போது வேறு ஆள் படுத்திருக்கிறார் என்றார்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் லேப் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் ரூம் துடைக்கிறவள். யூனிபார்ம் சேலையோடு அப்படியே வந்திருந்தாள்.

"ஏனுங்க, செம்மநத்தம் மாரிசாமி அக்காங்க நானு. வள்ளிங்க."

ராணி நாற்காலியைக் காட்டினாள். அவள் உட்காரவில்லை.

"தம்பி மார்கழியில இங்கதான் சளி குடுத்தானுங்க. ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்க. அதை நம்பித்தான் குடகுக்குப் போனான். இப்போ ஆளே இல்லீங்க. இங்க இருந்த சார் பாக்காமயே எழுதிட்டாருன்னு ஊரே பேசுதுங்க. அந்தாளு ஊடு சேலத்துல எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. நானு சண்டைக்காரி இல்லீங்க. ஆனா அவனைச் சும்மா விட மாட்டேன். எத்தனை வருசமானாலும் விட மாட்டேன்."

ராணியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணீர் இல்லை, கத்தல் இல்லை. உதடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. சேலத்துக் கட்டில் பக்கத்தில் யூனிபார்மோடு நின்றபோது தன் முகமும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்தாள். ஞானசுந்தரத்தின் வீடு எங்கே இருக்கிறதென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெருப் பெயரைச் சொன்னால் போதும். இந்தப் பெண் அடுத்த பஸ்ஸில் இறங்கிப் போய் அவர் வாசலில் நிற்பாள். அந்த மனுஷனும் மறுக்க மாட்டார், ஆமாம் நான்தான் என்று கையைக் கூப்புவார். பழி இன்னொரு தடவை தீரும். தெருப் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

ஞானசுந்தரத்துக்குத் தெரியாது. அண்ணன் சாகப்போகிறான் என்று தெரியாமல்தான் அவர் அன்றைக்கு அண்ணியை அனுப்பினார். மாரிசாமியின் சிவப்பைப் பார்த்தவள் ராணி ஒருத்திதான். பார்த்துச் சந்தோஷப்பட்டு, பெட்டியில் வைத்து மூடியவளும் அவள்தான்.

"அவரு ஊடு வேண்டாமுங்க" என்றாள். "அவரு பாத்தாருங்க. சாயத்துக்குச் சூடு பத்தலை, கிருமி கண்ணுக்குத் தெரியலை. தெரியாமதான் எழுதினாரு. தம்பிக்கு நோய் இருக்குதுன்னு தெரிஞ்சும் சொல்லாம வெச்சிருந்தது வேற ஆளுங்க."

வள்ளி ஒரு அடி முன்னால் வந்தாள். "யாருங்க அது? எந்த ஊரு?"

"மாரமங்கலம். பஸ்ஸை விட்டு எறங்கி ஐயாக்கண்ணு ஊடுன்னு கேட்டா யாருன்னாலும் காட்டுவாங்க."

வள்ளி அந்தப் பெயரை மறந்துவிடாமல் இருக்க வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். ராணி எழுந்து நின்றாள்.

"இப்போ அங்க போனா ஆள் இருக்காதுங்க. அது எங்க ஊடு. நானு இங்கதான் நிக்கறேன்."